வெல்டிங் மெஷின் வெளியே... ஷெட்டுக்குள்ள வேண்டாமே!

கரன்ட் இல்லாத இடத்துல கேட், ஷெட் வேலையா? திமிரி மாதிரி ஊர்கள்ல இன்ஜின் வெல்டிங் மெஷின்தான் கைகொடுக்கும். தீப்பொறிக்குப் பயப்படுற நாம, புகையைக் கண்டுக்கிறதில்லை. அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்துல ஆக்சிஜன் சேரவிடாம ஆளையே சாய்ச்சிடும்.

* மெஷினை வெளியில, கதவு ஜன்னலுக்குத் தள்ளி வையுங்க. கேபிளை மட்டும் உள்ளே கொண்டுபோங்க. ஷட்டரைத் திறந்துவெச்சா மட்டும் போதாது. முகத்துல கட்டுற துணியும் இந்த வாயுவைத் தடுக்காது.

* தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தா உடனே வெளியே வாங்க. 108-க்கு போன் பண்ணுங்க.

* இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறின பிறகே டீசல் ஊத்துங்க.

* ஈரமான கையுறையோட ஹோல்டரைத் தொடாதீங்க.

* தோல் தொழிற்சாலை வேலைன்னா, காலி கெமிக்கல் டிரம்ல வெல்டிங் வைக்கவே வைக்காதீங்க. உள்ளே தங்கின ஆவி வெடிக்கலாம்.

* வேலை முடிஞ்சும் அரை மணி நேரம் அங்கேயே இருங்க. கனன்றுட்டிருக்கிற பொறி அப்புறம்தான் பத்திக்கும்!