ஓர் உயிலில் உள்ள தோட்டம்

தியோஃபிராஸ்டஸின் பெயரைத் தாவரவியல் பயின்றவர்கள் கேட்டிருப்பார்கள். அரிஸ்டாட்டிலின் மாணவர், ஆசிரியருக்குப் பின் அவருடைய பள்ளியை ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தியவர். மரஞ்செடிகொடிகளைப் பற்றி அவர் எழுதிய இரு பெருநூல்கள் இன்றும் கிடைக்கின்றன. எனக்கோ அவர் எழுதியவற்றுள் மிகவும் உவப்பானது அவருடைய உயில்தான். தத்துவஞானிகளின் வாழ்க்கையை எழுதிய டயோஜெனஸ் லேர்ட்டியஸ் அதைத் தம் ஐந்தாம் நூலில் எடுத்துத் தந்திருக்கிறார்.

அவ்வுயிலின் அருமை விளங்க ஏதென்சின் ஒரு வழக்கத்தை முதலில் சொல்லவேண்டும். தனி உரிமை அளிக்கப்பட்டாலன்றி, அந்நகரின் குடிமகன் அல்லாதவர் அங்கே ஒரு சாண் நிலமும் வாங்க இயலாது. அரிஸ்டாட்டில் வடக்கே ஸ்டாகிராவில் பிறந்தவர். ஆகவே கி.மு. 335 அளவில் அவர் கற்பிக்கத் தொடங்கிய இடம் லைசியம் என்னும் பொதுவிடமே. நகர மதிலுக்கு வெளியே, அப்பல்லோவுக்கு உரிய சோலையும் இளைஞர்களின் உடற்பயிற்சிக் களமும் சேர்ந்த இடம் அது. அங்கிருந்த உலாவுபாதையின் பெயரே அவர் வழியினருக்கும் பெயராயிற்று. கி.மு. 323இல் அலெக்சாண்டர் இறந்ததும் மாசிடோனியருக்கு வேண்டியவர்கள்மேல் ஏதென்சின் சினம் திரும்பியது. தெய்வநிந்தனைக் குற்றச்சாட்டு எழவே, அரிஸ்டாட்டில் கால்சிஸ் நகருக்கு வெளியேறினார். மறு ஆண்டே அங்கு இறந்தார். அப்பள்ளிக்குச் சொந்தமென்று ஒரு மரநிழல்கூட அன்று இல்லை.

தியோஃபிராஸ்டசும் வெளியூரார்தான், லெஸ்போஸ் தீவினர். ஆனால் கி.மு. 317 முதல் 307 வரை ஏதென்சை ஆண்ட டெமெட்ரியஸ் அவரிடம் பயின்றவர். அவர் துணையால் தியோஃபிராஸ்டசுக்குச் சொந்தமாக ஒரு தோட்டம் வாய்த்தது. டெமெட்ரியஸ் வீழ்ந்ததும், அவையின் ஒப்புதலின்றித் தத்துவப் பள்ளி நடத்துபவனுக்கு மரணதண்டனை என்று ஒரு சட்டம் வந்தது. தத்துவஞானிகள் ஊரைவிட்டு அகன்றனர். அடுத்த ஆண்டே சட்டம் நீக்கப்பட்டு, கொண்டுவந்தவருக்கு அபராதமும் விதிக்கப்பட்டதால் திரும்பி வந்தனர். அந்தத் தோட்டம் எத்தனை மெல்லிய இழையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது இதிலிருந்து தெரியும்.

கி.மு. 287 அளவில், முதுமையில், உயிரோடு இருக்கும்போதே அவர் எழுதிவைத்த ஏற்பாடுகளைப் பாருங்கள். கலைத்தெய்வங்களின் கோயிலைக் கட்டி முடிக்கவேண்டும். அரிஸ்டாட்டிலின் உருவச்சிலையை, முன்பிருந்த மற்றக் காணிக்கைகளோடு, மீண்டும் அக்கோயிலில் வைக்கவேண்டும். அதன் அருகிலுள்ள சிறிய தூண்மண்டபத்தை முன்னிருந்ததற்குக் குறையாமல் எடுத்துக்கட்டவேண்டும். உலகப்படம் தீட்டிய பலகைகளைக் கீழ்மண்டபத்தில் பொருத்தவேண்டும். அரிஸ்டாட்டிலின் மகன் நிக்கோமாக்கசுக்கும் ஆளுயரச் சிலை வேண்டும். சிற்பியிடம் கொடுத்த தொகை போக மீதிச் செலவுக்கும் வழி சொல்கிறார்.

'மீண்டும்' என்ற அந்த ஒரு சொல்லில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். போர்களால் அலைப்புண்ட அவ்வாண்டுகளில் சிலை எங்கோ அகற்றப்பட்டிருக்கவேண்டும். ஆசிரியர் இறந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகும் மாணவனுக்கு அந்த வெற்றிடம் உறுத்தியிருக்கிறது. சிலை, மண்டபம், சுவரில் நிலப்படம், நடக்கப் பாதை: ஆசிரியரின் நினைவும் திறந்தவெளி வகுப்பறையும் அங்கே ஒன்றாகவே எழுகின்றன.

தோட்டத்தையும் உலாவுபாதையையும் ஒட்டிய வீடுகளையும் அவர் பத்து நண்பர்களுக்குப் பெயர்சொல்லிக் கொடுக்கிறார். எவரும் விற்கலாகாது, தனதாக்கிக்கொள்ளலாகாது. கோயிற்சொத்துபோலப் பொதுவாக வைத்துக் கூடிக் கற்கவேண்டும் என்பது நிபந்தனை. அரிஸ்டாட்டிலின் மகள்வழிப் பேரனான சிறுவன், தாத்தாவின் பெயரே அவனுக்கும், விரும்பினால் சேர்ந்துகொள்ளலாம். மூத்தவர்கள் அவனைக் கருத்தோடு வளர்க்கவேண்டும்.

தம்மை அத்தோட்டத்திலேயே, தகுந்ததாகத் தோன்றும் ஓரிடத்தில், வீண்செலவின்றிப் புதைக்கச் சொல்கிறார். கல்லறையையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, முன்பே விடுதலை பெற்று அருகில் வாழ்ந்த பொம்பிலசுக்கு. மானெஸ், காலியாஸ் என்னும் அடிமைகள் இருவரும் தோட்டத்தில் மேலும் நான்கு ஆண்டுகள் குற்றமின்றி உழைத்தால் விடுதலை. நண்பர்கள் உலாவிய பாதையைப் பெருக்கியவர்கள் இவர்கள். இவ்வரியை எளிதில் கடந்துபோக என்னால் முடியவில்லை. இருவருக்கும் அந்த நான்கு ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்று உயில்கள் சொல்வதில்லை.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின், கி.மு. 86இல் முடிந்த முற்றுகையின்போது, ரோமத் தளபதி சுல்லா போர்ப்பொறிகள் செய்ய மரம் வேண்டி லைசியத்துச் சோலையை வெட்டினான்.