ஒத்திசையா நிரலாக்கத்தில் வழங்கி மேலாண்மை

ஒத்திசையா நிரலாக்கத்தில் வழங்கியைத் தொடங்குவது எளிது. ஒழுங்காக நிறுத்துவதே கடினம். 2014-இல் பைத்தான் 3.4 பதிப்போடு வந்த அசின்க்ஐஓ நூலகம் இதற்குச் சான்று. அதில் ஒரே இழையில் ஓடும் நிகழ்வுச் சுழல், ஓர் இணைப்பு தரவுக்காகக் காத்திருக்கையில் இன்னொன்றைக் கவனித்து, ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்குகிறது. வழங்கியை மூடும் கட்டளையோ புதியவற்றை ஏற்பதை மட்டுமே நிறுத்தும். ஏற்கெனவே உள்ளவை திறந்தே இருக்கும். இதைக் குறை என்பாரும் உண்டு. ஆனால் பாதிப் பணப் பரிமாற்றத்தில் இருப்பவரைத் துண்டிப்பது அதைவிடப் பெரிய தீங்கு. ஆகவே இந்தப் பிரிப்பு சரியே. பேசாமல் கிடக்கும் ஒரே இணைப்பு மூடலை முடிவின்றி இழுத்தடிக்குமே என்ற மறுப்பில் மட்டும் நியாயம் உண்டு. 3.12 வரிசையில், முழு மூடலுக்குக் காத்திருக்கும் செயற்கூறு கடைசி இணைப்பு முடியும்வரை உண்மையாகவே காத்திருக்கும்படி திருத்தப்பட்டபோது, இச்சிக்கல் கூர்மையானது. 2024-இல் வெளியான 3.13, மிஞ்சிய இணைப்புகளை மூடவும் உடனே முறிக்கவும் தனித்தனி வழிகள் தந்தது. எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை நிரலரே வகுக்க வேண்டும்.