மீசைக்கார ஈ

ஊரப்பாக்கத்தில் காலி மனைப் புதர் ஒன்றில் ஓர் ஈயைப் படம் எடுத்தேன். முகத்தில் முரட்டு மீசை, கண்களுக்கு நடுவே பள்ளம். சந்தேகமே இல்லை... 'ராபர் ஃப்ளை'! பறக்கிற பூச்சியை அந்தரத்திலேயே அமுக்கி, உறிஞ்சிக் குடிக்கிற கொள்ளைக்காரன்.

சரி, எந்த இனம்? அங்கேதான் சிக்கல். உலகத்தில் 7,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. பல, பார்வைக்கு அச்சு அசல் ஒன்றே!

இந்தத் தலைவலி பழசு. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்த காலம். 1791-ல் மீன் ஒன்று பனைமரம் ஏறியதைப் பார்த்ததாக எழதினாரே லெப்டினென்ட் டால்டார்ஃப், அவர் அங்கிருந்து பூச்சிகளைச் சேகரித்து அனுப்பினார். லின்னேயஸின் சீடர் ஃபேப்ரிஷியஸ் ஈக்களுக்கென்றே 1805-ல் ஒரு புத்தகம் போட்டு, லத்தீனில் ஓரிரு வரிகளில் ஒவ்வொன்றையும் வர்ணித்தார். அந்த ஓரிரு வரி யாருக்குப் போதும்? பின்னால் வந்த நிபுணர்கள், ஊசி குத்திப் பாதுகாத்த அசல் ஈயையே தேடிப் போக வேண்டியதாயிற்று. அவர் வர்ணித்த பூச்சிகளில் பல கோபன்ஹேகன் மியூசியத்தில் இருக்கின்றன.

என் போட்டோவும் அந்த ஓரிரு வரி மாதிரிதான். பல இனங்களைப் பிரித்துக் காட்டுவது ஆண் ஈயின் வால்நுனி உறுப்பு. அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும். ஈயும் கையில் வேண்டும். என் ஈயோ பறந்துபோய்விட்டது!

படத்தின் கீழே குடும்பப் பெயரை மட்டும் எழுதி வைத்தேன். தெரிந்த அளவோடு நிறுத்திக்கொள்வதுதானே நாணயம்?