போர்பன் விஸ்கி: விலை ஏறினால் ருசியும் ஏறுமா?

'போர்பன்' என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சாக்லேட் கிரீம் பிஸ்கட்தான். அமெரிக்காவில் அதே பெயரைச் சொன்னால் மக்காச்சோள விஸ்கியை எடுத்து வைப்பார்கள். அதில் 15 டாலருக்கும் ஒரு பாட்டில் உண்டு, 3,000 டாலருக்குக் கைமாறும் பாட்டிலும் உண்டு. அப்போ இரண்டாவது, முதலாவதைவிட 200 மடங்கு நல்லா இருக்குமா? 'குடி குடியைக் கெடுக்கும்' என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, இந்த விலைக் கணக்கை மட்டும் கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் ஒன்று. மலிவான போர்பனும் சட்டப்படி முழு போர்பன்தான். அமெரிக்க விதிப்படி தானியக் கலவையில் குறைந்தது 51 சதவிகிதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் நெருப்பில் கருக்கிய புத்தம் புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும். பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. நிறத்துக்கு கேரமல், வாசனைக்கு எசன்ஸ் என எதையும் கலக்கக் கூடாது. லேபிளில் 'ஸ்ட்ரெய்ட்' என்று போட்டிருந்தால் 2 வருடமாவது பீப்பாயில் இருந்தாக வேண்டும். 15 டாலர் பாட்டிலுக்கும் இதே சட்டம்தான். அதனால் 'மலிவுன்னா ஏதோ கலந்திருப்பாங்க' என்ற நம்ம ஊர் பயம் இங்கே செல்லாது.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

கடை அலமாரியில் மேல் தட்டில் ஒன்றும் கீழ் தட்டில் ஒன்றுமாக இருக்கும் இரண்டு பாட்டில்கள், பல நேரம் ஒரே ஆலையில் பிறந்தவை. கென்டக்கியின் ஹெவன் ஹில் நிறுவனம் தயாரிக்கும் 'எவன் வில்லியம்ஸ்', 'எலைஜா கிரெய்க்' இரண்டுக்கும் தானியக் கலவை ஒன்றே. 'ஜிம் பீம்' வெள்ளை லேபிளும் 'நாப் கிரீக்'கும் இதே கதைதான். அப்புறம் விலை ஏன் மாறுகிறது?

வயதும் தண்ணீரும்தான் காரணம். ஜிம் பீம் 4 வருடம் ஊறி, தண்ணீர் சேர்த்து 40 சதவிகிதத்துக்கு இறக்கப்படுகிறது. நாப் கிரீக் 9 வருடம் ஊறி, 50 சதவிகிதத்தில் பாட்டிலுக்கு வருகிறது. கூடுதல் வருடங்களுக்கு நிஜமாகவே செலவு இருக்கிறது. பீப்பாய் கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். மரத்தின் வழியே ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, தூங்கும் பீப்பாய்க்கும் கென்டக்கியில் வருடாந்தர வரி உண்டு. 2026-லிருந்துதான் அதைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். ஆக, 15 டாலரிலிருந்து 40 டாலருக்குப் போகும்போது பெரும்பாலும் காசுக்கு ஏற்ற சரக்கு கையில் கிடைக்கிறது.

அதற்கு மேலேதான் சிக்கல். 'பழசானால் நல்லது' என்பது ஸ்காட்ச் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஸ்காட்லாந்தில் குளிர் அதிகம். பீப்பாயும் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்தியது, அதிலும் நிறைய போர்பன் ஆலைகளிலிருந்தே போனவை. அங்கே மெதுவாக ஊறும். கென்டக்கியில் கோடை வெயில் கொளுத்தும், பீப்பாயும் புதுசு. அதனால் மரத்தின் சாரம் வேகமாக இறங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் டீத்தூளை ரொம்ப நேரம் கொதிக்கவிட்ட மாதிரி கசப்பும் துவர்ப்பும்தான் முன்னே நிற்கும். 20 வருடம் தாண்டியும் நன்றாக இருக்கிற பீப்பாய்கள் அபூர்வம். அபூர்வம் என்பதால் விலை. ஆனால், எல்லோருடைய நாக்குக்கும் அதுதான் பிடிக்கும் என்று சொல்லவே முடியாது.

'பாப்பி' என்ற மாயம்

இந்த உலகத்தின் சூப்பர் ஸ்டார் 'பாப்பி வான் விங்கிள்'. ஃபிராங்க்ஃபோர்ட் நகரத்தின் பஃபலோ டிரேஸ் ஆலையில் தயாராகிறது. இதன் 23 வருட பாட்டிலுக்கு நிறுவனம் சொல்லும் விலை சில நூறு டாலர்தான். வெளிச்சந்தையில் அது சில ஆயிரமாகிறது. அந்த வித்தியாசத்தில் ஒரு டாலர்கூட பாட்டிலுக்கு உள்ளே இருக்கும் திரவத்துக்குப் போகவில்லை, கிடைக்காத பொருள் என்பதற்காகவே போகிறது.

அதே ஆலையில், கோதுமை சேர்ந்த அதே கலவையில் 'வெல்லர்' என்று ஒன்று வருகிறது. ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்தது. ரசிகர்கள் வெல்லரின் இரண்டு வகைகளை வீட்டிலேயே கலந்து, 'ஏழைகளின் பாப்பி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் பரவியது. இப்போது வெல்லரும் தேடினால் சுலபத்தில் கிடைப்பதில்லை!

இந்த மோகம் பதவியையே பறித்திருக்கிறது. ஓரிகன் மாநிலத்தில் மது விற்பனை அரசின் கட்டுப்பாட்டில் நடக்கிறது. பொதுமக்களுக்குப் போக வேண்டிய பாப்பி போன்ற அரிய பாட்டில்களை அதிகாரிகள் தங்களுக்காக ஒதுக்கி வைத்தது விசாரணையில் தெரியவந்தது. காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆனால், சாதாரண ஆளுக்குக் கிடைக்காத வழியில். 2023 பிப்ரவரியில் அந்தத் துறையின் தலைமை அதிகாரி ராஜினாமா செய்தார்.

சரி, குடிப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாதா? ஒயினில் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், விலையை மறைத்து நடந்த 6,000-க்கும் அதிகமான சுவைப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை உயர்ந்த ஒயின் சற்றுக் குறைவாகவே பிடித்திருந்தது. அதே வருடம் வந்த இன்னோர் ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று கேட்டதும் ருசி கூடிவிட்டது. போர்பனில் மட்டும் நம் நாக்கு நேர்மையாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

இந்தியாவில் இன்னொரு குழப்பமும் உண்டு. இறக்குமதி போர்பனுக்கு 150 சதவிகிதமாக இருந்த சுங்க வரி, 2025 பிப்ரவரியில் 100 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் மாநில வரி வேறு. அமெரிக்காவில் அடித்தட்டில் இருக்கும் பாட்டில்கூட இங்கே வந்ததும் 'பிரீமியம்' ஆகிவிடுவது இதனால்தான்.

அதனால் விலைச் சீட்டைவிட லேபிளைப் படிப்பது உருப்படியான வேலை. வயது எத்தனை, ஆல்கஹால் எவ்வளவு, எந்த ஊரில் வடித்தது என்று பாருங்கள். 'பாட்டில்டு இன் பாண்ட்' என்ற சொல் இருந்தால் இன்னும் நல்லது. 1897-ல் கலப்படத்தைத் தடுக்க வந்த சட்டத்தின் முத்திரை அது. ஒரே ஆலை, ஒரே பருவம், குறைந்தது 4 வருடம், சரியாக 50 சதவிகிதம் என்று அர்த்தம். எவன் வில்லியம்ஸின் வெள்ளை லேபிளில் அந்த முத்திரை இருக்கிறது. அமெரிக்கக் கடைகளில் அது பெரும்பாலும் கீழ்த்தட்டில்தான் இருக்கும்.