ஒரே காற்று, இரண்டு அளவுகோல்கள்: பெட்ரோல், டீசல் கார்ப் புகையை ஒப்பிடுதல்

புகைச் சான்று கொடுக்கும் இடத்தில் சற்று நேரம் நின்றால் போதும். பெட்ரோல் கார் வந்தால் எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு, சைலன்சருக்குள் குழாயைச் செருகி, கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். டீசல் கார் வந்தால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, கிளம்பும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். இரண்டு சான்றுகளையும் அருகருகே வைத்தால் பொதுவான எண் ஒன்றுகூட இராது. நகரத்து ஓசோனுக்கு வித்திடும் நைட்ரஜன் ஆக்சைடை இரண்டு சோதனைகளுமே தொடுவதில்லை.

எது அதிக அழுக்கு என்ற பழைய சண்டை தீராமல் இருப்பதற்கு எரிபொருள் மட்டும் காரணமன்று. சட்டத்துக்கும் அதில் சமபங்கு உண்டு என்பதே என் வாதம்.

எஞ்சினின் பங்கை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் ஒரு பங்கு எரிபொருளுக்கு எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. இந்த விகிதம் பிசகாதவரை மூவழி வினையூக்கி மேற்சொன்ன மூன்று நச்சுகளையும் ஒருசேரக் குறைத்துவிடும். டீசல் எஞ்சினோ எப்போதும் காற்றை மிகுதியாக இழுக்கிறது. அதனால் கார்பன் மோனாக்சைடு குறைவு. ஆனால் எரிந்தபின் மிஞ்சும் ஆக்சிஜன், நைட்ரஜன் ஆக்சைடைச் சிதைக்க விடுவதில்லை. வெப்பத்தைத் தணித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தால் கரித்துகள் கூடுகிறது. துகள் வடிகட்டியும் யூரியா கரைசலும் வந்த பிறகே இரண்டையும் ஒன்றாக அடக்க முடிந்தது. இந்தத் தீர்வுகள் இரண்டுமே செலவு வைப்பவை.

அந்தச் செலவைச் சட்டம் நெடுங்காலம் தள்ளிப்போட்டது. இந்தியாவின் பாரத் ஸ்டேஜ் 4 விதியில் பெட்ரோல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம், டீசலுக்கு 250 என்று இருந்தது. கார்பன் மோனாக்சைடிலோ சலுகை பெட்ரோல் பக்கம்: 1 கிராம், டீசலுக்கு அரை கிராம். நுரையீரல் எவ்வளவு தாங்கும் என்று கேட்டு வகுத்த வரம்புகளாக இவை தெரியவில்லை. எஞ்சினுக்கு எது முடியும் என்று கேட்டு வகுத்தவை. அமெரிக்கா இரண்டு எரிபொருளுக்கும் ஒரே வரம்பு வைத்தது. 2015இல் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது அங்கே அம்பலமானதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல 40 மடங்குவரை வெளியேறியது என்றது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

டீசலுக்காக வாதிடுவோர் கார்பன் டை ஆக்சைடைக் காட்டுவார்கள். லிட்டருக்கு டீசல் 2.7 கிலோ, பெட்ரோல் 2.3 கிலோ வெளியிடுகிறது. ஆனாலும் மைலேஜ் கூடுதல் என்பதால் கிலோமீட்டர் கணக்கில் டீசலே குறைவு. பொய்யில்லை. 2001இல் பிரிட்டன் வாகன வரியை முதன்மையாக இந்த வாயுவோடு பிணைத்தது. மக்கள் டீசலுக்குத் தாவினார்கள். தெருவில் நடப்பவர் சுவாசிக்கும் வாயு அந்தக் கணக்கில் பெரிதாகச் சேரவில்லை.

பெட்ரோலும் உத்தமம் இல்லை. நேரடியாக உருளைக்குள் பெட்ரோலைப் பீச்சும் கார்களுக்கு, துகள் எண்ணிக்கையில் டீசலைவிடப் பத்து மடங்கு விட்டுக்கொடுத்தது ஐரோப்பாவின் யூரோ 6 விதி. புதிய மாடல்களுக்கு அந்தச் சலுகை 2017 வரை நீடித்தது. நல்ல வடிகட்டி உள்ள டீசல் கார், வடிகட்டி இல்லாத இத்தகைய பெட்ரோல் காரைவிடக் குறைவாகவே துகள் உமிழும்.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்து, நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு டீசலுக்கு 80, பெட்ரோலுக்கு 60 என்று நெருங்கியது. அதே மாதத்தோடு டீசல் கார்களை நிறுத்தியது மாருதி சுசுகி. சிறிய டீசல் காரின் மலிவு விலையில் எவ்வளவு பங்கு பழைய சலுகையால் வந்தது என்பதை அங்கேதான் தேட வேண்டும்.