பின்வரிசையிலிருந்து ஒரு சட்டம்: சிட்னி சில்வர்மனும் பிரிட்டனின் தூக்குத் தண்டனை ஒழிப்பும்

கொலைக் குற்றத்துக்குத் தூக்கு என்பதை நிறுத்திவைத்த சட்டம் 1965 நவம்பரில் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த சிட்னி சில்வர்மன் வாழ்நாளில் ஒரு நாளும் அமைச்சராக இருந்ததில்லை. லங்காஷயரின் பருத்தி நெசவு ஊர்களைக் கொண்ட நெல்சன் அண்ட் கோன் தொகுதியிலிருந்து 1935இல் தொழிற்கட்சி சார்பில் தேர்வாகி, 1968இல் இறக்கும்வரை பின்வரிசையிலேயே இருந்தவர் அவர்.

தூக்குத் தண்டனை ஒழிந்த வரலாற்றைப் பொதுமக்களின் மனமாற்றமாகச் சொல்வது வழக்கம். அந்த விளக்கம் நிற்காது. சட்டம் நிறைவேறிய காலத்திலும் கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மை மக்கள் தூக்குக்கு ஆதரவாகவே இருந்தார்கள். அப்படியிருக்கச் சட்டம் எப்படி மாறியது? சில்வர்மன் அடைந்த ஒவ்வொரு தோல்வியும் அரசாங்கத்திடமிருந்து ஏதோ ஒரு சமரசத்தைக் கறந்தது. அந்தச் சமரசம் அடுத்த சுற்றில் அவருக்கே ஆயுதமாயிற்று. 1948 முதல் 1965 வரையான பதினேழு ஆண்டுகளை இந்தக் கோணத்தில் பார்ப்பதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

சில்வர்மன் 1895இல் லிவர்பூலில் பிறந்தார். ருமேனியாவிலிருந்து வந்த ஏழை யூதக் குடும்பம். தந்தை துணி வியாபாரி. முதல் உலகப்போரில் மனச்சாட்சியின் பேரில் படையில் சேர மறுத்துச் சிறை சென்றார். பிரெஸ்டன், வோர்ம்வுட் ஸ்க்ரப்ஸ், பெல்ஃபாஸ்ட் ஆகிய மூன்று சிறைகளையும் உள்ளிருந்து பார்த்தவர். பிறகு ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் ஆசிரியர் வேலை, லிவர்பூல் திரும்பி ஏழைகளின் வழக்கறிஞர் தொழில். தண்டனை என்பதைப் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் நிறைந்த அவையில், அதை அனுபவித்து அறிந்தவராக அவர் நுழைந்தார்.

பின்வரிசை உறுப்பினரின் கையில் இருப்பவை கேள்வி, தீர்மானம், திருத்தம், தனிநபர் மசோதா. இவ்வளவுதான். இவற்றை அவர் எப்படிக் கையாண்டார் என்பதற்கு 1942 ஓர் எடுத்துக்காட்டு. ஐரோப்பிய யூதர்களை மொத்தமாக அழிக்க நாஜிகள் திட்டமிடுகிறார்கள் என்று உலக யூத காங்கிரசின் ஜெனீவா பிரதிநிதி கெர்ஹார்ட் ரீக்னர் ஆகஸ்டில் அனுப்பிய தந்தி, பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் வழியாக சில்வர்மனுக்கு வந்து சேர்ந்தது. உலக யூத காங்கிரசின் பிரிட்டன் கிளைக்கு அவர் தலைவராக இருந்தார். அதிகாரிகள் நம்பத் தயங்கினார்கள். செய்தியை அவர் நியூயார்க்கில் இருந்த அமெரிக்க யூதத் தலைவர் ஸ்டீபன் வைசுக்குச் சேர்ப்பித்தார். டிசம்பர் 17 அன்று அவையில் அவர் எழுப்பிய கேள்விக்குப் பதிலாகத்தான் அமைச்சர் ஆண்டனி ஈடன் நேச நாடுகளின் கண்டன அறிக்கையை வாசித்தார். உறுப்பினர்கள் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். ஒரு பின்வரிசைக் கேள்வி செய்யக்கூடியது இது. செய்ய முடியாமல் போனதன் அளவை நாம் எல்லோரும் அறிவோம்.

தூக்குக்கு எதிரான முதல் பெரிய மோதல் 1948இல் நடந்தது. பிரதமர் அட்லியின் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்த குற்றவியல் நீதி மசோதாவில் மரண தண்டனை பற்றி எதுவும் இல்லை. அதை ஐந்தாண்டுக்கு நிறுத்திவைக்கும் திருத்தத்தை சில்வர்மன் முன்வைத்தார். கொறடா உத்தரவு இல்லாத வாக்கெடுப்பில், உள்துறை அமைச்சர் சூட்டர் ஈட் எதிர்த்துப் பேசியும், திருத்தம் 245க்கு 222 என வென்றது. பிரபுக்கள் சபை 181க்கு 28 என அதைத் தள்ளியது. அந்தச் சங்கடத்திலிருந்து விடுபட அரசு 1949இல் சர் எர்னஸ்ட் கோவர்ஸ் தலைமையில் அரச ஆணைக்குழுவை அமைத்தது. தண்டனையை ஒழிப்பதா என்ற கேள்வியை மட்டும் அதன் வரம்புக்கு வெளியே வைத்தார்கள். ஆயினும் ஆணைக்குழு நான்காண்டு திரட்டிய சாட்சியங்கள் ஒழிப்பாளர்களின் களஞ்சியமாயின. கோவர்ஸே பின்னர் ஒழிப்பாளராக மாறினார்.

அந்த இடைவெளியில் நிகழ்ந்தவை கொடுமையானவை. 1950 மார்ச்சில் டிமதி எவன்ஸ் தன் குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்டார். வழக்கில் முக்கிய அரசுத் தரப்பு சாட்சி, அதே வீட்டில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. மூன்றாண்டு கழித்து அந்த வீட்டில் பெண்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டு, கிறிஸ்டியே தொடர் கொலையாளி என்பது வெளியாயிற்று. எவன்ஸுக்குக் கருணை மறுத்த அமைச்சர் சூட்டர் ஈட். 1955இல் அதே ஈட், சாதாரண உறுப்பினராக எழுந்து, அந்த முடிவின் பாரத்தை அவையில் ஒப்புக்கொண்டு ஒழிப்பின் பக்கம் சேர்ந்தார். எந்தப் பிரச்சாரமும் இதற்கு ஈடாகியிருக்க முடியாது.

டெரெக் பென்ட்லி வழக்கை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1952 நவம்பரில் குரோய்டனில் ஒரு கிடங்கின் கூரைமேல் காவலர் ஒருவரைச் சுட்டது பதினாறு வயது கிறிஸ்டோபர் கிரெய்க். வயது குறைவு என்பதால் அவனைத் தூக்கிலிட முடியாது. சுடாதவன், அந்நேரம் போலீசாரின் பிடியில் இருந்தவன், அவனுடைய கூட்டாளியான பத்தொன்பது வயது பென்ட்லிக்குத் தூக்கு. 1953 ஜனவரி 27 அன்று, மறுநாள் காலைத் தூக்கு என்ற நிலையில், சுமார் இருநூறு உறுப்பினர்கள் கையெழுத்திட்ட கருணைத் தீர்மானத்தை சில்வர்மன் அவைக்குக் கொண்டுவர முயன்றார். தண்டனை நிறைவேறும்வரை அதுபற்றி விவாதிக்க விதி இடம் தராது என்று சபாநாயகர் மறுத்துவிட்டார். ஒருவனைக் காப்பாற்றலாமா என்று பேச, முதலில் அவன் சாக வேண்டும். அவை விதிகளை விரல்நுனியில் வைத்திருந்த சில்வர்மன் அன்று விதியாலேயே தோற்றார். பென்ட்லி மறுநாள் காலை தூக்கிலிடப்பட்டான். அவன் மீதான தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது 1998இல்.

தன் காதலனைச் சுட்டுக் கொன்ற ரூத் எல்லிஸ் என்ற பெண் 1955 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டு சில்வர்மனின் தனிநபர் மசோதா மக்கள் சபையைக் கடந்தது. பிரபுக்கள் சபை 238க்கு 95 என மீண்டும் வீழ்த்தியது. இம்முறை கிடைத்த சமரசம் 1957ஆம் ஆண்டின் கொலைக்குற்றச் சட்டம்: சில வகைக் கொலைகளுக்கு மட்டும் தூக்கு. சுட்டுக் கொன்றால் தூக்கு. நஞ்சு வைத்துக் கொன்றால் ஆயுள். திருடும்போது கொன்றால் தூக்கு. பல நாள் திட்டமிட்டுக் கழுத்தை நெரித்தால் ஆயுள். நீதிபதிகளுக்கே இந்தப் பாகுபாடு நியாயமாகப் படவில்லை. தூக்கைக் காப்பாற்ற வகுத்த சட்டம், அதைத் தாங்கி நின்ற தர்க்கத்தையே குலைத்தது. 1965இன் வெற்றிக்கு வித்து இந்த 1957 சட்டம்தான் என்பது என் கணிப்பு.

இத்தனைக்கும் சில்வர்மன் கட்சிக்கு வேண்டப்பட்ட பிள்ளையாக இருக்கவில்லை. மேற்கு ஜெர்மனிக்கு மீண்டும் ஆயுதம் தருவதை எதிர்த்ததற்காக 1954இல் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். பாதுகாப்புக் கொள்கை காரணமாக 1961இலும் அதே கதை. இரண்டு முறையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

1964இல் ஹெரால்ட் வில்சன் அரசு வந்ததும், தனிநபர் மசோதாக்களுக்கு அரிதாகவே கிடைக்கும் ஒன்று கிடைத்தது: அரசு ஒதுக்கும் நேரம். டிசம்பரில் இரண்டாம் வாசிப்பு 355க்கு 170. எதிர்ப்பாளர்கள் விடவில்லை. மசோதாவைச் சிறு குழுவிடமிருந்து பறித்து முழு அவையில் விவாதிக்கும்படி 1965 மார்ச்சில் தீர்மானம் நிறைவேற்றினார்கள். நேரமின்மையே மசோதாவைச் சாகடித்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அரசு புதன்கிழமைக் காலைகளில் சிறப்பு அமர்வுகளை வைத்து அதை முறியடித்தது. மூன்றாம் வாசிப்பு 200க்கு 98. பிரபுக்கள் சபையில் பார்பரா வூட்டன் மசோதாவை வழிநடத்த, இருமுறை மறுத்த அந்த அவையும் இரண்டாம் வாசிப்பில் 204க்கு 104 என இசைந்தது. 1970 ஜூலைக்குள் இரு அவைகளும் உறுதிசெய்யாவிட்டால் தூக்கு திரும்பும் என்ற நிபந்தனை மட்டும் ஒட்டிக்கொண்டது.

1966 தேர்தலில் நெல்சன் அண்ட் கோனில் தூக்குக்கு ஆதரவாக ஒருவர் சுயேச்சையாக நின்றார். மூர்ஸ் கொலைகள் எனப்பட்ட தொடர் கொலைகளில் பலியான சிறுமி ஒருத்தியின் உறவினர் அவர். அந்தத் துயரத்தை யாரும் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தார்கள். சில்வர்மன் தன் நிலையிலிருந்து நகரவில்லை, வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் எவன்ஸுக்கு, இறந்து பதினாறு ஆண்டுக்குப் பின், அரச மன்னிப்பு வழங்கப்பட்டது.

சில்வர்மன் 1968 பிப்ரவரியில் காலமானார். அவர் சட்டத்தை நிரந்தரமாக்கும் தீர்மானத்தை உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கலஹன் 1969 டிசம்பரில் கொண்டுவர, மக்கள் சபை 343க்கு 185 என ஏற்றது. இரண்டு நாளில் பிரபுக்கள் சபையும் ஏற்றது. இதற்குள் அவர் தொகுதி கைமாறியிருந்தது. 1968 ஜூன் இடைத்தேர்தலில் அங்கே வென்ற கன்சர்வேட்டிவ் கட்சியின் டேவிட் வாடிங்டன் தூக்குத் தண்டனையின் வெளிப்படையான ஆதரவாளர்; 1989இல் உள்துறை அமைச்சரும் ஆனார். தூக்கைத் திரும்பக் கொண்டுவர 1979, 1983, 1994 ஆகிய ஆண்டுகளில் மக்கள் சபையில் நடந்த வாக்கெடுப்புகள் எல்லாமே தோற்றன.