பலர் கூடி வரையும் பலகை



சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புறநகர் ரயில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி ஆகிய ஊர்களைக் கடந்து கும்மிடிப்பூண்டியை அடைகிறது. மேற்கு நோக்கிச் செல்லும் ரயிலோ அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூருக்கு வந்து சேர்கிறது. இவ்விரு பாதைகளை அடுத்தும் தொழிற்பேட்டைகள் பல உள்ளன. இரும்பை உருக்குவதாயினும், உதிரிப் பாகங்களைக் கடைவதாயினும், இன்று அங்குள்ள இயந்திரங்களை ஆள்வது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு பலகை. பெரும்பாலும் பச்சை நிறத்தில், செப்புக் கோடுகள் ஓட, சின்னஞ்சிறு மின்னணு உறுப்புகள் பதிந்திருக்கும் அதனை அச்சிட்ட மின்சுற்றுப் பலகை என்பர்.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், இப்பகுதியிலுள்ள ஆலை ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். அங்கே பெரியதோர் இயந்திரம் ஓய்ந்து நின்றது. பலகை பழுதாகிவிட்டது என்றார்கள். “இதை நாமே செய்துகொள்ள முடியாதா, ஐயா?” என்று ஒரு மாணவன் கேட்டான். அங்கிருந்த மேற்பார்வையாளர், “பலகை நம் கையில் இருக்கிறது, தம்பி. அதன் வரைபடம் நம்மிடம் இல்லையே!” என்றார். வரைபடம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே பொருளை ஆளும் திறன் இருக்கிறது என்னும் உண்மையை அன்று நான் உணர்ந்தேன். அவ்வரைபடம் ஒருவர் கையிலிருந்து பலர் கைக்கு வந்த வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

முற்காலத்து வானொலிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கம்பிகள் பின்னிக் கிடக்கும். ஒவ்வொரு கம்பியையும் கையால் இணைத்து ஈயப்பற்று வைக்க வேண்டும். வியன்னா நகரில் 1907 ஆம் ஆண்டு பிறந்த பால் ஐஸ்லர் என்னும் யூதப் பொறியாளர், 1936 இல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். புத்தகத்தை அச்சிடுவது போல மின்சுற்றையும் அச்சிடலாகாதா என்று அவர் எண்ணினார். மின்காப்புப் பலகையின்மேல் செப்புத் தகட்டை ஒட்டி, வேண்டிய கோடுகளை மட்டும் அச்சு மையால் மறைத்து, எஞ்சிய செம்பை இரசாயனத்தால் அரித்துவிடுவதே அவர் கண்ட வழி. கம்பியைக் கையால் இணைப்பதே மலிவு என்று கருதித் தொழில்துறையினர் முதலில் அவரைப் பொருட்படுத்தவில்லை. கல்லச்சுத் தொழில் செய்த லண்டன் நிறுவனம் ஒன்றே அவருக்குத் துணை நின்றது. 1943 இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இக்கலையின் தொடக்கத்திலேயே பொறியாளரும் அச்சுத் தொழிலாளரும் கைகோத்தனர் என்பதை நீங்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

1949 இல் அமெரிக்க இராணுவத்தின் செய்தித் தொடர்புப் பிரிவைச் சேர்ந்த மோ ஆப்ராம்சன், ஸ்டானிஸ்லாஸ் டான்கோ என்னும் இருவர், உறுப்புகளின் கால்களைப் பலகையின் துளைகளில் செருகி, உருகிய ஈயக் கலவையில் ஒருமுறை தோய்த்தெடுத்து, எல்லா இணைப்புகளையும் ஒருங்கே முடிக்கும் முறையை வகுத்தனர்.

செய்யும் தொழில் இவ்வாறு விரைந்தாலும், வரையும் தொழில் நெடுங்காலம் தனி ஒருவருடையதாகவே இருந்தது. ஒளி ஊடுருவும் தாளின்மேல் கருப்பு நாடாக்களை ஒட்டி, உண்மை அளவினும் இருமடங்கு, நான்மடங்கு பெரிதாகப் படம் அமைப்பர். பின்னர் அதனைப் புகைப்படமெடுத்துச் சுருக்குவர். ஒரு கோட்டை மாற்ற வேண்டுமானால் கத்தியால் நாடாவைப் பெயர்த்தெடுக்க வேண்டும். வரைபவர் ஏன் ஒரு கோட்டை வளைத்தார் என்பது அவர் நெஞ்சுக்கு மட்டுமே தெரியும். அவர் பணியை விட்டு விலகினால் அக்காரணமும் அவருடனே சென்றுவிடும்.

பலர் கூடி வரைய இரண்டு தேவைகள் இருந்தன. முதலாவது, எல்லோருக்கும் விளங்கும் பொது மொழி. அதனைத் தந்தவரும் வியன்னாவில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி, 1940 இல் அமெரிக்கா சேர்ந்த ஜோசப் கெர்பரே. எண்களால் கட்டளையிட்டு ஒளிக்கதிரால் படச்சுருளில் கோடு வரையும் கருவிகளை அவருடைய நிறுவனம் செய்தது. அவற்றுக்கான கட்டளை மொழி 1980 இல் பொதுநியமமாக வெளியிடப்பட்டது. இன்று ஓர் ஊரில் வரைந்த பலகையை உலகின் எம்மூலையிலுள்ள ஆலையும் செய்து தர முடிவதற்கு, கெர்பர் கோப்பு எனப்படும் அம்மொழியே பெருங்காரணம்.

இரண்டாவது தேவை, எல்லோரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய வரைகருவி. பிரான்சு நாட்டின் ழான்-பியேர் சாரா என்பவர் 1992 இல் கைகேட் என்னும் கணிப்பொறி மென்பொருளைத் தொடங்கினார். அதனை யாவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தவும் செய்யலாம். ஜெனீவாவிலுள்ள செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையம் 2013 முதல் அதன் வளர்ச்சிக்குத் துணை நின்றது. வன்பொருள் வரைபடங்களைப் பலரும் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் உரிமம் ஒன்றையும் அந்நிலையம் 2011 இல் வகுத்தளித்தது.

இன்று கூட்டு முறையில் பணி எவ்வாறு நடைபெறுகிறது? ஒருவர் மின்சுற்றை வகுக்கிறார். மற்றொருவர் செப்புக் கோடுகளை அமைக்கிறார். பெட்டியை வடிவமைப்பவர் பலகை அதனுள் அடங்குமா என்று பார்க்கிறார். ஆலையில் இருப்பவர், ‘இத்துணை மெல்லிய கோட்டை எங்களால் செய்ய இயலாது’ என்று முன்னரே கூறிவிடுகிறார். யார், எந்நாளில், எதை, எக்காரணத்தால் மாற்றினார் என்பது பதிவாகிறது. பிழை திரையில் தென்பட்டால் அழித்துவிடலாம். ஆயிரம் பலகைகள் செய்தபின் தென்பட்டால் ஆயிரமும் குப்பைக்கே போகும். பல கண்கள் பார்ப்பதன் பயன் இதுவே.

நம் நாட்டிலும் இதற்கு நல்ல சான்று உண்டு. 1984 இல் மத்திய அரசு சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. சாம் பிட்ரோடாவின் ஊக்கத்தால் இளம் பொறியாளர்கள் ஒன்றுகூடி, குளிரூட்டிய அறை வேண்டாமலே நம் கிராமத்து வெப்பத்தையும் தூசியையும் தாங்கவல்ல தொலைபேசி இணைப்பகத்தை உருவாக்கினர். 1986 இல் அது கர்நாடகத்தின் கிட்டூரில் இயங்கத் தொடங்கியது. அவ்வடிவமைப்பை ஓர் ஆலைக்குள் பூட்டி வைக்காமல், அரசு, தனியார் என்ற வேறுபாடின்றிப் பல நிறுவனங்களுக்கும் வழங்கினர். சிற்றூர்களிலும் தொலைபேசி மணி ஒலித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் சென்னையிலுள்ள ஐஐடியின் சக்தி திட்டமும் அவ்வழியில் வந்ததே. 2010 இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த நியமத்தைப் பின்பற்றி அங்கே நுண்செயலிகள் வடிவமைக்கப்பட்டன. 2020 இல் அறிவிக்கப்பட்ட மௌஷிக் என்னும் செயலியின் சில்லு சண்டிகரை அடுத்த அரசு நிலையத்தில் உருவாயிற்று. அது அமரும் தாய்ப்பலகை பெங்களூரில் உருவாயிற்று. ஊர்கள் வேறாயினும் வரைபடம் ஒன்றே.

பலர் கூடினால் எல்லாம் தானே நடந்துவிடுமா? நடவாது. முடிவில் இது சரி என்று கையொப்பமிட ஒருவர் வேண்டும். அதைவிட முக்கியமாக, நான் வரைந்ததில் பிறர் பிழை காணலாம் என்னும் பணிவு ஒவ்வொருவருக்கும் வேண்டும். விடைத்தாளைக் கையால் மறைத்து எழுதப் பள்ளியில் நாங்களே உங்களைப் பழக்கியிருக்கிறோம். தேர்வுக்கு அது தகும். தொழிலுக்கோ, தாளை நடுவில் வைத்து ‘பிழை இருந்தால் காட்டுங்கள்’ என்று கேட்கும் பழக்கமே தகும்.

திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் பயிலும் நீங்கள் நாளை இத்தொழிற்பேட்டைகளில் பணிக்குச் செல்லக்கூடும். அங்கே ஓர் இயந்திரம் நின்றுவிட்டால், அருகில் நிற்கும் சிறுவன் அதே வினாவை உங்களிடம் கேட்பான். “வரைபடம் நம்மிடம் இருக்கிறது, தம்பி, வா, சேர்ந்து பார்ப்போம்” என்று அவனுக்கு விடை கூறும் நிலையில் நீங்கள் இருத்தல் வேண்டும். அதற்கான பயிற்சியை இன்றே உங்கள் வகுப்பறையில் தொடங்குங்கள்.